கண்மட்டக் கோடு

நாலு மணி வரைக்கும் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு மாசிலாமணி அந்தச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி மூன்று ஐந்து. ஐம்பத்தைந்து நிமிஷம். பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு பாடவேளையும் ஒரு இடைவேளையும். முப்பத்துநாலு வருஷம் டிராயிங் மாஸ்டராக நின்றே காலம் தள்ளிய உடம்புக்கு இது ஓய்வுதானே, இதில் என்ன பெரிய விரதம் என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் இடது கெண்டைக்காலில் அரித்தது, கை கீழே போனது, கால் தானாக மடங்கி மேலே வந்து கைக்கு இடம் கொடுத்தது. மடங்கியிருக்கக் கூடாது. செண்பகவல்லி டீச்சரின் கால் அப்படி மடங்கி வராது. ஆறு வருஷமாக, நான்குவழிச் சாலையில் அந்த வேன் மோதிய நாளிலிருந்து, இடுப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் டீச்சருடையதுதான், ஆனால் டீச்சர் சொன்னால் கேட்காது. அரிப்பாவது தெரியுமா? தெரியாதாம். அரித்தாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது, செருப்பு கழன்று ரோட்டில் விழுந்தாலும் யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் தெரியும். இதெல்லாம் டீச்சரின் தங்கை கோமு சொல்லித்தான் அவருக்குத் தெரியும், அதுவும் இந்த மாதம்தான். காலை இறக்கி மிதிபலகையில் வைத்தார். வைத்த கால் நல்ல பிள்ளையாக இருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. இருபத்திரண்டு படங்கள், சுவரின் உச்சியில் நான்கு ட்யூப்லைட், மூலையில் ஒரு ஏணி, ஒரு மேசை, மருந்துக்கடையிலிருந்து இரவல் வாங்கி வந்த இந்த நாற்காலி, அதில் அவர். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், வெளிநாட்டோடு போய்விட்ட டாக்டர் குடும்பம் ஒன்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போன வீட்டின் முன்கூடம் இது. பதினோரு வருஷமாக இதுதான் வண்ணக்கூடம். தெருக்காரர்களுக்குப் படக்கடை, சாமி படத்துக்குச் சட்டம் போட்டுத் தருவீர்களா என்று மாதம் நாலு பேராவது எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். இந்த மாதக் கண்காட்சிக்கு இன்றுதான் கடைசி நாள். ஆறு மணிக்குப் படங்களை இறக்கிக் கட்டிவிட வேண்டும், ஏழு மணிக்கு வண்டி வந்துவிடும். அவற்றில் மூன்று படங்கள் டீச்சருடையவை. நாலு மணிக்கு டீச்சர் வருகிறார். காலையில் போனில், "வாரேன் சார். நீங்க மட்டும் இருந்தாப் போதும். ஆளு யாரையும் கூப்பிட்டு வைக்காதீங்க," என்றார். ஆளு யாரையும். திறப்பு விழா அன்றைக்கு நாலு ஆள். நாலாவது ஆள் மாசிலாமணி.

சாய்தளத்தில் குறை சொல்ல முடியாது. ஒரு அங்குலம் ஏற ஓரடி நீளம் வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, வாசலின் மூன்று படிக்கும் ஸ்கேல் வைத்து அளந்தார். ஏழு, ஏழு, ஏழு. இருபத்தோரு அங்குலம், ஆகவே இருபத்தோரு அடி. கொத்தனார் சுடலைமுத்து முற்றத்தைப் பார்த்தான், படியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "மூணு படிக்கு இருபத்தோரு அடியா? என்ன சார், ரயிலு விடப்போறியளா?" என்றான். எட்டடியில் முடித்துத் தருகிறேன், பைக்கே ஏறும், நாற்காலி ஏறாதா என்றான். மாசிலாமணி விட்டுக்கொடுக்கவில்லை. நேராகப் போக இடமில்லாமல் மதிலோரமாகப் போய், திரும்பி, வாசலுக்கு வந்து சேர்கிறது. காலையும் மாலையும் அவரே தண்ணீர் ஊற்றினார், சிமெண்டு பூமியைப் போல் குடித்தது. நேற்று இதே நாற்காலியில் கீழேயிருந்து உருட்டி ஏறியும் பார்த்தாகிவிட்டது. திருப்பத்தில் தோள் நடுங்கியது, உள்ளங்கை எரிந்தது, காலை ஊன்றிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, ஊன்றவில்லை. ஏறிவிட்டார். ஏறிய சந்தோஷத்தில் இரவு நன்றாகத் தூங்கினார். இன்றைக்கு உள்ளே மட்டும் பார்த்துவிட்டால் போதும், மூலையில் சக்கரம் திரும்புகிறதா, மேசையில் இடிக்கிறதா. அதற்குத்தான் உட்கார்ந்தது. எதிர் டீக்கடை இசக்கியம்மா மூன்றேகால் டீயோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ன சார் இது? காலையில நடந்துதான வந்திய?" "சும்மா உக்காந்து பாக்குதேன்மா." "இதுல சும்மா உக்காருவாவளா யாரும்? எந்திரிங்க சார், அச்சானியமா இருக்கு." "டீயை வச்சிட்டுப் போ." "நாளைக்கு நெசமாவே உக்கார வேண்டியிருக்கும், அப்பச் சொல்லுதேன்," என்று டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அச்சானியம். அவள் சொன்னது அவள் வாயோடு போகவில்லை, கெண்டைக்காலில் இருந்த அரிப்பைப் போல வேறு இடத்தில் ஆரம்பித்தது. இந்தக் காலும் ஒரு நாள். அறுபத்தொன்று முடியப்போகிறது, மாத்திரை இரண்டு வேளை. ஒரு வேன் போதும், வேன்கூட வேண்டாம், குளியலறையில் ஒரு சோப்பு போதும். டம்ளரை எடுக்கப் போனார். மேசை நெஞ்சுக்கு மேல் நின்றது. டம்ளரின் அடிப்பாகமும் அதற்கு மேலே ஆவியும் தெரிந்தன, டம்ளருக்குப் பின்னால் கருத்துப் புத்தகத்தின் முதுகு தெரிந்தது. வந்தவர்கள் இரண்டு வரி எழுதும் புத்தகம். டீச்சர் அன்றைக்கு அதில் எழுதவில்லை, பேனாவை நீட்டியும் எழுதவில்லை, கொஞ்சம் கர்வம்தான் என்று அப்போது நினைத்தார். நின்றுகொண்டு எழுதுகிற மேசை. நீட்டிய பேனாவை வாங்கி எதன்மேல் வைத்து எழுதுவது? அதைப் பற்றி இப்போது வேண்டாம் என்று தள்ளினார். தள்ளியது நகர்ந்து பழைய இடத்துக்கே வந்து நின்றது.

ஒரு நிமிஷம். எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் அங்கே வந்துதான் முடிச்சு விழுகிறது. திறப்பு விழா அன்றைக்கு, மாலை ஐந்து மணி, சந்தில் ஆட்டோ வந்து நின்றது, கோமு பின்னாலிருந்து நாற்காலியை இறக்கி விரித்தாள், டீச்சர் இரண்டு கையையும் ஊன்றி ஆட்டோவிலிருந்து நாற்காலிக்கு மாறினார். நல்ல அரக்குச் சேலை. வாசலுக்கு வந்து, "படி இருக்குன்னு சொல்லலையே சார்," என்றார், சிரித்துக்கொண்டுதான். பதினோரு வருஷம் ஏறி இறங்கிய படி, அங்கே இருக்கிறது என்பது மாசிலாமணிக்கே அப்போதுதான் தெரிந்தது. அழைப்பிதழ் கொடுக்கப் போனபோது டீச்சர் கேட்காமலா இருந்தார்? "உள்ள வர எப்படி சார்?" என்று கேட்டார். "தாராளமா வரலாம் டீச்சர், தரைத்தளந்தான்," என்று சொன்னது இந்த வாய்தான். பொய் சொல்லவில்லை. மாடி இல்லை என்றால் படி இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு வாய், அவ்வளவுதான். "அதுக்கென்ன, தூக்கிட்டாப் போச்சு," என்றதும் அதே வாய். சட்டம் போடும் சாகுல் வந்தார், பழைய மாணவர்கள் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள், வலது பக்கம் பின்சக்கரத்துக்கு மேலே மாசிலாமணி. "சார், இருங்க, ஒரு நிமிஷம்," என்றார் டீச்சர். "கூச்சப்படாதீங்க டீச்சர், நாங்க இருக்கோம்ல," என்றார் அவர். கை வைத்த இடத்தில் ஒரு துணிப்பை தொங்கியது. பூத்தையல் போட்ட நீலப்பை, பிடிக்கு இடைஞ்சலாக. தண்ணீர் பாட்டிலாக இருக்கும், கைக்குட்டையாக இருக்கும். கை அதை ஒதுக்கித் தள்ளியது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினார், பரீட்சை நாளில் பெஞ்சு தூக்குகிற எண்ணிக்கை. காமிரா மின்னியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்டினார்களே. அவருக்கும், மறைப்பானேன், உள்ளே நிறைவாகத்தான் இருந்தது, ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிட்ட மூச்சிரைப்பு. அதற்குப் பிறகு மாலை, பொன்னாடை, இரண்டு வார்த்தை. பத்து நிமிஷத்தில் கோமு அந்தப் பொன்னாடையையே எடுத்து அக்காவின் மடியில் விரித்துப் போட்டு, "நாங்க கிளம்புதோம் சார்," என்றாள். என்ன அவசரம் என்று கேட்டார். அக்காவுக்கு அசதி என்றாள். இறக்கும்போதும் நாலு ஆள். ஒன்பது நாள் கழித்துக் காய்கறிக் கடையில் கோமுவைப் பார்த்தபோது, டீச்சர் ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டார். அவள் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அது பை சார். ஒண்ணுக்குப் போற பை. குழா கழண்டுட்டு. அத எடுத்து மடியில வச்சுக்கத்தான் அக்கா ஒரு நிமிஷம் கேட்டா. போட்டோவுல சேலை நனைஞ்சிருக்கது தெரியுதான்னு வீட்டுக்கு வந்து பாத்துக்கிட்டே இருந்தா." யார் கை என்று கோமு சொல்லவில்லை. நாலு பேரில் எந்தக் கை என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. டீச்சருக்கு? மாசிலாமணிக்குத் தெரியும், இந்தக் கைதான், இப்போது சக்கர வளையத்தின் மேல் இருக்கிற இதே கை. துணியின் பூத்தையல் விரல் நுனியில் சொரசொரத்தது இன்னும் இருக்கிறது. ஒரு நிமிஷம் என்பது அறுபது வினாடி. பென்சில் சீவக் கொடுக்கிற நேரம். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை ஒரு நிமிஷம் சார் என்றால்கூட நின்று என்ன என்று கேட்டிருப்பார், பிள்ளைகளிடம் அவருக்குப் பொறுமை உண்டு, பள்ளிக்கூடமே சொல்லும். டீச்சரிடம் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது அறிவியல் டீச்சர், ஒன்பது வருஷம் பக்கத்து வகுப்பறையில் பாடம் நடத்தியவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் சொல்வது ஏன் சொல்லாகக் கேட்கவில்லை, கூச்சமாகக் கேட்டது? இதைச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். டீச்சர், அந்தப் பையை ஒதுக்கியது நான்தான். ஐந்து சொல். சொன்னால் டீச்சருக்கு அந்த நனைந்த சேலையை இன்னொரு தரம் கட்டிவிடுகிற மாதிரி ஆகாதா? சொல்லாவிட்டால் சாய்தளம் கட்டியதற்கு என்ன அர்த்தம்? மணி மூன்று இருபது.

ஒன்றே ஒன்று ஆறுதல். இந்த மூன்று வாரமும் படுத்தவுடன் அவர் தேடிப் போய் ஒதுங்குகிற இடம் அது. அந்தப் பத்து நிமிஷத்திலும் டீச்சர் தம் படத்தின் முன்னால் போய் நின்றார், நிற்கவில்லை, இருந்தார், நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு திரும்பி, "ரொம்ப அழகா மாட்டியிருக்கீங்க சார்," என்றார். தூக்கியது தப்பு, பை போனது தப்பு, எல்லாம் தப்பு, ஆனாலும் படத்தைப் பார்த்துவிட்டாரே. தம் கையால் வரைந்தது சட்டம் போட்டு, வெளிச்சம் போட்டு, ஒரு சுவரில் தொங்குவதை மனுஷி ஒரு தரம் பார்த்துவிட்டாரே. அது மட்டும் நடந்தது. அதை யாரும் அழிக்க முடியாது. அந்த ஆறுதலைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிற மாதிரி, மாசிலாமணி நாற்காலியை உருட்டிக்கொண்டு வடக்குச் சுவருக்குப் போனார். நடுவில் டீச்சரின் மூன்று படங்கள். அதே இடத்தில், அன்றைக்கு டீச்சர் இருந்த அதே தூரத்தில் நிறுத்தினார். நிமிர்ந்தார். வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. கண்ணாடிக்குள்ளே, படத்துக்கு நடுவே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ட்யூப்லைட். முன்னால் போனார், கோடு கீழே இறங்கிப் போனது, ஆனால் படம் தலைக்கு மேலே போய் அதன் கீழ்ச்சட்டம் மட்டும் தெரிந்தது. பின்னால் வந்தார், கோடு மேலே ஏறி, மறுபடி நடுவில் படுத்துக்கொண்டது. இடது பக்கம் போனார். வலது பக்கம் போனார். அடுத்த படம், அதற்கடுத்த படம். மூன்று படத்திலும் எதிர்ச்சுவரின் விளக்கு எரிந்தது, ஒன்றில் விளக்கோடு சேர்ந்து அதைச் சுற்றும் ஒரு பூச்சியும் தெரிந்தது. கூடத்தைச் சுற்றி வந்தார். இருபத்திரண்டிலும் விளக்கு. எழுந்து நின்று பார்த்தால் என்ன தெரியும் என்று அவருக்குத் தெரியும், பதினோரு வருஷமாக நின்றுதானே பார்த்துக்கொண்டிருக்கிறார். டீச்சர் என்ன பார்த்தார்? நிமிர்ந்து, அவ்வளவு நேரம், அவ்வளவு அமைதியாக?

அவருடைய முறை ஒன்று உண்டு, வெளியூர் ஓவியர்கள்கூட வந்து கேட்டுப்போகிற முறை. கூடத்தைத் திறந்த அன்று சுவரில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து நின்று, தம் கண்ணுக்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். தரையிலிருந்து ஐந்தடி ஐந்து அங்குலம். அந்தப் புள்ளியிலிருந்து நாலு சுவருக்கும் நூல் பிடித்தார். எந்தப் படம் வந்தாலும், பெரிதோ சிறிதோ, அதன் நடு அந்த நூலில் நிற்கும்; மேலே இரும்புக் குழாயிலிருந்து இரண்டு நைலான் கயிறு, கயிற்றில் முடிச்சு, முடிச்சுக்குக் கணக்கு அந்தப் புள்ளி. பதினோரு வருஷமாக இந்த ஊர் அவருடைய கண் இருக்கிற உயரத்தில் படம் பார்த்தது. குட்டையானவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், குழந்தைகளை அப்பாமார் தூக்கிக் காட்டினார்கள், அதில் ஒன்றும் அவருக்கு உறைக்கவில்லை. இதில் வேடிக்கை, வகுப்பில் வருஷா வருஷம் அவர் முதலில் சொல்லிக் கொடுத்ததே கண்மட்டக் கோடுதான். கரும்பலகையில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, இது யாருடைய கோடு என்று கேட்பார். பார்க்கிறவன் கோடு. நீ நின்றால் கோடு நிற்கும், நீ உட்கார்ந்தால் கோடும் கூடவே உட்காரும், மரத்தில் ஏறினால் அதுவும் ஏறும், ஆளுக்கு ஆள் வேறே வேறே. பிள்ளைகள் நாற்காலியில் ஏறியும் தரையில் படுத்தும் ஜன்னலைப் பார்த்து, ஆமா சார், ஆமா சார் என்று கத்தும். டீச்சரின் படங்கள் முதலில் வந்தபோது அவர்தான் கண்டுபிடித்தார், மூன்றிலும் கண்மட்டக் கோடு கீழே இருக்கிறது என்று. சமையல் மேடையின் அடிப்பக்கம், அதன் விளிம்புக்கு மேலே ஆவி மட்டும். வங்கியின் கவுண்டர், அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆளின் நெற்றி. கதவின் தாழ்ப்பாள், ஆகாயத்தில் இருக்கிற மாதிரி. வந்தவர்களுக்கெல்லாம் சுட்டிக் காட்டினார், பாருங்கள், தாழ்வான பார்வை, இது இவருடைய பாணி என்றார். பாணி! உட்கார்ந்திருக்கிற மனுஷி தாம் பார்த்ததை வரைந்து கொடுத்தார், அவர் அதைப் பாணி என்று விளக்கிவிட்டு, ஐந்தடி ஐந்து அங்குலத்தில் தூக்கி மாட்டினார். ஆக, டீச்சரைத் தூக்கிய மாதிரியே படத்தையும் தூக்கிவிட்டார். ஆறுதல் என்று வைத்திருந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, விளக்கு வெளிச்சம்தான் இருந்தது. சாய்தளத்துக்கு இருபத்தோரு அடி அளந்த ஸ்கேல் உள்ளே வரவே இல்லை. வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்த மாதிரிதானே அந்த ஸ்கேலும் நினைக்கும். மூன்று முப்பத்தைந்து. விளக்கை அணைத்தால்? உட்கார்ந்தபடி சுவிட்சுக்குக் கை எட்டவில்லை. எழுந்தார். எழுந்துவிட்டார், யாரும் தடுக்கவில்லை, கால் ஒரு கேள்வியும் கேட்காமல் தூக்கி நிறுத்தியது. அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தார், படங்கள் இருட்டுச் சதுரங்களாக இருந்தன. மறுபடி எழுந்து போட்டார். கயிற்றை இறக்குவதுதான் வழி. ஏணியை இழுத்துக்கொண்டு வந்து, ஒரு கையால் சட்டத்தைத் தாங்கி, ஒரு கையால் முடிச்சை அவிழ்த்து, மட்டம் பார்த்து, இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, மறுபடி ஏறி. ஒரு படத்துக்கு எட்டு நிமிஷம் ஆனது. எட்டு நிமிஷ வேலை. இருபத்தெட்டு நாள் இந்தக் கயிறு இங்கேயே தொங்கிக்கொண்டு இருந்தது, இந்த ஏணி அந்த மூலையிலேயே நின்றது. மூன்றாவது படத்தின் முடிச்சு இறுகும்போது சந்தில் ஆட்டோ சத்தம் கேட்டது.

வேகமாக இறங்கி வாசலுக்குப் போனார். தள்ளட்டுமா டீச்சர் என்பது வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டிய கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. கீழேயிருந்து கோமு, "அக்கா, நான் வரட்டா?" என்றாள். "நீ போயி டீ குடிடி, போ," என்று சொல்லிவிட்டு டீச்சர் உருட்டத் தொடங்கினார். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார். மடியில் அந்த நீலப்பை இருந்தது, சேலைத் தலைப்பால் பாதி மூடி. மாசிலாமணி வேறு பக்கம் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்ப்பதும் சரியில்லை என்று தோன்றித் திரும்பினார். அதற்குள் டீச்சர் மேலே வந்திருந்தார்.

"நல்லா நீளமாக் கட்டியிருக்கீங்களே சார். கொத்தனார் சண்டைக்கு வரலையா?"

"கேலி பண்ணினான்."

"பண்ணட்டும்." உள்ளே வந்தார். காலியாகக் கிடந்த இன்னொரு நாற்காலியைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், வடக்குச் சுவரைப் பார்த்தார். மற்றப் படங்களெல்லாம் மேலே ஒரே வரிசையில் இருக்க, அவருடைய மூன்று மட்டும் ஒன்றரை அடி கீழே இருந்தன. "என்ன சார், என் படம் மட்டும் உக்காந்துட்டு?"

"இப்பத்தான் டீச்சர் இறக்கினேன். இதுல உக்காந்து பாத்தேன், அப்பத்தான்..." கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

டீச்சர் அவரைப் பார்த்தார். வகுப்பில் பதில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை.

"ட்யூப்லைட்டு."

"அழகா மாட்டியிருக்கீங்கன்னு சொன்னீங்களே."

"நாலு பேரு மூச்சு வாங்கத் தூக்கிட்டு வந்து எறக்கியிருக்கீங்க. அதுக்குப் பெறகு ஒண்ணும் தெரியலன்னு எந்த வாயால சார் சொல்ல?"

ஐந்து சொல்லும் நாக்கில் வரிசையாக நின்றன. "டீச்சர், அந்தப் பையை..."

"அத விடுங்க சார்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைக்கிற மாதிரிச் சொன்னார். மாசிலாமணி மிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அது இனி அவரிடமே இருக்கும், கொடுக்க ஆளில்லாமல்.

டீச்சர் தம் படங்களுக்கு முன்னால் ஒரு வட்டம் வந்தார். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றது அரை நிமிஷம்கூட இருக்காது. தாழ்ப்பாள் படத்தைப் பார்த்து, "இதுல நிழலு தப்பு," என்றார். சக்கரத்தைத் திருப்பிக் கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டார்.

"பாக்கலையா டீச்சர்?"

"என் படம் எனக்குத் தெரியாதா சார்? நான் வரஞ்சதுதான? மத்தவங்க என்ன வரஞ்சிருக்காங்கன்னு பாக்கத்தான் வந்தேன். ஆறு வருஷமாச்சு, இன்னொருத்தர் வரஞ்சத நேருல பாத்து. போன்லதான் பாக்குதேன், கட்டை விரல் அளவுக்கு."

நாலு பத்து. படத்துக்கு எட்டு நிமிஷம், பத்தொன்பது படம், ஆறு மணிக்கு எல்லாவற்றையும் இறக்கிக் கட்ட ஆரம்பிக்க வேண்டும். பதிமூன்றுக்கு மேல் ஆகாது. மாசிலாமணி ஏணியைத் தூக்கித் தோளில் வைத்தார். தெற்குச் சுவரா, கிழக்குச் சுவரா என்று கால் தானாக ஒரு பக்கம் திரும்பியது. நிறுத்திக்கொண்டார்.

"எத முதல்ல எறக்கட்டும்? நீங்க சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் தலையை நிமிர்த்தினார். தெற்குச் சுவரில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். நாற்காலியைத் திருப்பிக் கிழக்குச் சுவரைப் பார்த்தார். பிறகு மேற்கு.

"எது என்னன்னு தெரிஞ்சாத்தான சார் சொல்ல முடியும்?" என்றார். "எல்லாத்துலயும் வெளக்குதான் எரியுது."